பல் பிடுங்க வார்ஃபரினை நிறுத்தலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. இருதயத் துடிப்பு சீராக இல்லை என்று, இரத்தம் கட்டாமலிருக்க நான்கு வருடமாக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இனிப்பு நீரும் உண்டு. அடுத்த வாரம் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். இரத்தம் நிற்காது, மூன்று நாளைக்கு முன்பே மாத்திரையை நிறுத்து என்கிறார் சின்னம்மா. நிறுத்தலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். சின்னம்மாவையும் குறை சொல்ல முடியாது, ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் பல் பிடுங்கிய குழியில் வரும் இரத்தத்தைத் துணி வைத்து அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். மாத்திரையை விட்டதால் இருதயத்தில் இரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்தால் என்ன செய்வது? போதாததற்கு வார்ஃபரின் மெதுவான மருந்து. அதன் வேலை அடங்கவே நான்கைந்து நாள், திரும்ப ஆரம்பித்தால் பிடிக்க இன்னும் சில நாள், அதுவரை அம்மா பாதுகாப்பில்லாமல் இருப்பார்.

பார்க்க வேண்டியது ஐஎன்ஆர் எண்ணைத்தான், அதாவது இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எண்; எண் ஏறினால் இரத்தம் நிற்கத் தாமதமாகும். பிடுங்குவதற்கு முந்தின 24 மணி நேரத்துக்குள் எடுத்தது நல்லது, எப்போதும் நிலையாக இருப்பவர் என்றால் 72 மணி நேரம் வரை பரவாயில்லை. 4க்குக் கீழே இருந்தால் ஓரிரு பல்லைச் சாதாரணமாகவே பிடுங்கலாம். வார்ஃபரின் கிளினிக்கில் கொடுத்த சின்னப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். திங்கள் செவ்வாய் காலையில் நேரம் கேளுங்கள், ஏனென்றால் இரத்தம் கசிந்தால் பகலிலேயே திரும்பிப் போகலாம், சனிக்கிழமை ராத்திரி கிளினிக் தேடி அலைய வேண்டாம்.

உண்மையில் எனக்குப் பயம் பல் பிடுங்கிய பிறகுதான். ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஐயா வந்தார், பல் பிடுங்கி மூன்று நாளாகியும் வாயில் இரத்தம். எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னேன், சிவப்பு பிளாஸ்டிக் பையை மேசையில் கொட்டினார். நடுவில் பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டு, 500 என்ற எண் மட்டும் தெரிகிற பாதி அட்டை ஒன்று. திருப்பித் திருப்பிப் பார்த்தால் பொன்ஸ்டான்! வீட்டில் யாருக்கோ வாங்கியது, வலி தாங்காமல் எடுத்துப் போட்டிருக்கிறார். பொன்ஸ்டான், ஐபுப்ரோஃபென், வலிக்கென்று போடும் ஆஸ்பிரின், இவையெல்லாம் வார்ஃபரினோடு சேர்ந்தால் வாயில் மட்டுமில்லை, வயிற்றிலும் இரத்தம் கசிய வைக்கும். பனடோல் (பாராசிட்டமால்) போதும், அதையும் அளவோடு. சீழ் இருக்கிறது என்று மெட்ரோனிடசோல் எழுதினால் 'அம்மா வார்ஃபரின் சாப்பிடுகிறார்' என்று அங்கேயே சொல்லுங்கள், அது ஐஎன்ஆரை விறுவிறுவென்று ஏற்றிவிடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லும் அப்படித்தான், தடவுகிற மருந்துதானே என்று நினைக்காதீர்கள். சின்சே கடை சீன மருந்து, ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்து ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்க வேண்டாம்.

இனிப்பு நீருக்கு வருவோம். ஊசி போடும்போது வாந்தி வரும் என்று பசியோடு கூட்டிப் போகிறார்கள், மாத்திரையை மட்டும் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் சர்க்கரை இறங்கி நாற்காலியிலேயே வியர்த்துக் கொட்டி மயக்கம். மரத்துப்போகிற ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. வழக்கம்போல் பசியாறிவிட்டு, வழக்கமான மருந்தையும் போட்டுக்கொண்டு போகட்டும்.

பிடுங்கியதும் துணியை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அன்றைக்குத் துப்புவதும் கொப்பளிப்பதும் வேண்டாம், சூடான தே தாரேக்கும் வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் கசிந்தால் மறுபடி அதேபோல் கடிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் கழித்தும் வழிந்துகொண்டே இருந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்று: எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் பிடுங்கும் முன்பே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அபூர்வமாகச் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும்.