நாலு பேர், ஒரு உலை: யார் எந்த வேலை பார்ப்பது?

கேள்வி: வால்ஹெய்ம் என்ற கணினி விளையாட்டில் நாங்கள் நான்கு பேர். சண்டை, சுரங்கம், வீடு கட்டுதல், சமையல் என்று ஆளுக்கொரு வேலை பிரித்துக்கொண்டோம். வெண்கலக் கவசம் செய்ய ஆரம்பித்ததும் ஒருவர் திணறுகிறார், மற்றவர்கள் உலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்கே தவறு?

பதில்: ஆளுக்கொரு பட்டம் கொடுத்ததுதான் தவறு. அந்தக் கட்டத்தில் சமையலுக்கோ சண்டைக்கோ முழுநேர ஆள் வேண்டாம். எந்த வேலை தேங்குகிறதோ அங்கே ஆள் போடுங்கள். எது தேங்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

தலை, மார்பு, கால் கவசங்களுக்குத் தலா 5 வெண்கலம். ஆளுக்கு 15, நால்வருக்கு 60. ஒரு வெண்கலத்துக்கு 2 செம்பும் 1 வெள்ளீயமும் வேண்டும். ஆக 120 செம்பு, 60 வெள்ளீயம், மொத்தம் 180 தாது. உலை ஒரு தாதுவை உருக்க 30 விநாடி எடுத்துக்கொண்டு 2 கரியைத் தின்னும். ஒரே உலை என்றால் 90 நிமிடம், 360 கரி. கரிக்கு மரம் ஒன்றுக்கொன்று, ஆகவே 360 மரம். உங்களில் திணறுபவர் அநேகமாக இந்த மரத்தில்தான் மாட்டியிருப்பார்.

கரிச்சூளை 15 விநாடிக்கு ஒரு கரி தரும். அதனால் உலைக்கு ஒரு சூளை என்பது கச்சிதமான ஜோடி. இரண்டு ஜோடி வைத்தால் 45 நிமிடத்தில் வேலை முடியும். உலையோ சூளையோ, ஒவ்வொன்றுக்கும் 20 கல்லும் 5 சர்ட்லிங் கோரும் (ஒளிரும் ஒரு பொருள்) தேவை. நான்குக்கும் சேர்த்து 20 கோர். உங்கள் சண்டைக்காரருக்கு இதுதான் முதல் வேலை: கறுப்புக் காட்டின் புதைகுழி அறைகளில் புகுந்து கோர் எடுத்துவருவது. முடிந்ததும் பிக்காக்ஸை, அதாவது பாறை வெட்டும் குந்தாலியை, கையில் கொடுத்துவிடுங்கள்.

பிறகு இருவர் தாது வெட்டட்டும். வெள்ளீயம் நீரோரத்தில் கிடக்கும், சீக்கிரம் முடிந்துவிடும். அதை முடித்தவர் செம்புக்கு வரட்டும். செம்புப் பாறையின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும். மேலே தெரிவதை மட்டும் உடைத்துவிட்டு அடுத்ததைத் தேடி ஓடுகிறவர்கள்தான் அதிகம். சுற்றிலும் தோண்டினால் ஒரே பாறை நெடுநேரம் தாங்கும். மூன்றாமவர் மரமும் உலையும். உலையில் 10 தாது, 20 கரி நிரப்பினால் 5 நிமிடம் ஓடும். அந்த இடைவெளியில் அவர் மரம் வெட்டலாம், காவல் நிற்கத் தேவையில்லை. நான்காமவர் சுமை. சுமக்கும் வரம்பு 300, செம்புத் தாது ஒன்று 10. வெறுங்கையோடு போனாலே 30தான். அதனால் வண்டி ஒன்று செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்லது, உலையையும் பட்டறையையும் தாதுக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுவது. இயல்பான அமைப்பில் தாதுவும் உலோகமும் போர்ட்டலில் (நொடியில் இடம் மாற்றும் வாசலில்) போகாது. அங்கேயே வெண்கலமாக்கினால் மூன்று துண்டு ஒன்றாகி, எடை பாதிக்கும் கீழே இறங்கும்.

கெடுவது எங்கே? சூளை சாதாரண மரத்தோடு நிற்காது, உயர்ரக மரங்களான ஃபைன் வுட்டையும் கோர் வுட்டையும் கரியாக்கிவிடும். அவற்றைப் பெட்டியில் வைத்துவிட்டு அருகே போங்கள். கூரையை இறுக்கமாகப் போட்டால் புகை அடைத்துச் சூளை நின்றுவிடும். புதிய உலோகம் கிடைத்ததும் நால்வரும் ஒருமுறை கையில் எடுக்க வேண்டும். எடுக்காதவருக்குச் செய்முறை திறக்காது.

கேள்வி: அதே ஆட்டத்தில் வேலையை மாற்றி மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் திறன் செய்யச் செய்யத்தான் ஏறும், இறந்தால் எல்லாத் திறனிலும் 5 சதவீதம் போகும். 60ஆம் நிலையில் இருப்பவருக்கு 3 நிலை நஷ்டம். 10இல் இருப்பவருக்கு அரை நிலை. தெரியாத இடத்தை வேவு பார்க்கப் புதியவரை அனுப்புங்கள், உங்கள் தேர்ந்த மரவெட்டியை வேண்டாம்.

கேள்வி: மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் எங்கள் சுரங்கக்காரர் தூங்கவே வருவதில்லை. இரவு கழிய மாட்டேன் என்கிறது.

பதில்: ஓவர்வேர்ல்ட் எனும் முதன்மை உலகில் இருக்கும் எல்லாரும் படுத்தால்தான் இரவு தாண்டும் என்பது இயல்பான விதி. தூங்குவோர் சதவீதத்துக்கான கேம்ரூலை (ஆட்டத்தின் விதி அமைப்பை) 50 ஆக்குங்கள், பாதிப் பேர் படுத்தால் போதும். ஆனால் மூன்று நாள் படுக்காதவர் இரவில் வெளியே தலைகாட்டினால் ஃபேன்டம் என்ற பறக்கும் பூதம் பாயும். அந்தக் கணக்கு அவரவருக்குத் தனி.

வைரத்தை ஆளாளுக்கு உடைக்காதீர்கள். ஃபார்ச்சூன் 3 என்ற மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸ் ஒரு வைரத் தாதுக்குச் சராசரியாக 2.2 வைரம் தரும்; அது இல்லாவிட்டால் 1. கண்டவர் இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டு வரட்டும், அந்தப் பிக்காக்ஸ் வைத்திருப்பவர் போய் உடைக்கட்டும்.

கேள்வி: டோன்ட் ஸ்டார்வ் டுகெதர் விளையாட்டில் எல்லாரும் சேகரிக்கவே ஓடுகிறோம். முதல் குளிர்காலத்தில் ஒருவர் செத்தால் வரிசையாக எல்லாரும் போய்விடுகிறோம். ஏன்?

பதில்: செத்தவர் ஆவியாகச் சுற்றும்போது உயிரோடிருப்பவர்களின் மனநிலை கரையும், வரிசைச் சாவுக்கு அதுவே காரணம். முகாமில் ஒரு ஆள் இருக்கட்டும். அவர் 3 புல், 1 சிலந்திச் சுரப்பி, தன் உயிரில் 40 செலவழித்து, செத்தவரை உயிர்ப்பிக்கும் டெல்டேல் ஹார்ட் செய்து பெட்டியில் வைக்க வேண்டும். உயிர் நிறைந்திருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

இயல்பான அமைப்பில் குளிர்காலம் 21ஆம் நாள் தொடங்கும். அதற்குள் ஆளுக்கொரு தெர்மல் ஸ்டோன் (வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கல்) வேண்டும்: 10 கல், 3 ஃபிளின்ட், 1 பிக்காக்ஸ். சமையலும் முகாம் ஆளிடமே இருக்கட்டும். 1 மாமிசம், 3 பெர்ரி போட்டால் மீட்பால்ஸ். அந்த மாமிசம் மான்ஸ்டர் மீட்டாக (அரக்க உயிர்களின் மாமிசமாக) இருந்தாலும் சரிதான். இரண்டாவது மான்ஸ்டர் மீட்டையும் போட்டால், உடலுக்குக் கெடுதலான மான்ஸ்டர் லசான்யா ஆகிவிடும். சட்டியில் இரண்டு கை சேர்ந்தால் நடப்பது பெரும்பாலும் இதுதான்.