லிபர்டேரியனிசத்துக்கு இன்றைய சமூகத்தில் எதிர்காலம் உண்டா?

கேள்வி கேட்டவர் இப்போதுதான் லிபர்டேரியனிசத்துக்காக வாதாடிய அமெரிக்கத் தத்துவவாதி நோசிக்கைப் படித்துவிட்டு அந்தச் சூட்டோடு இருக்கிறார் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தச் சூடு ஏழு வருடம் இருந்தது.

லிபர்டேரியனிசம் சுருக்கமாக இதுதான்: காவல், நீதிமன்றம், ஒப்பந்தத்தைக் காப்பது, இத்தோடு அரசு நிற்க வேண்டும். விவரம் தெரிந்த இருவர் மனமொப்பிக் கையெழுத்துப் போட்டால் மூன்றாமவருக்கு அங்கே என்ன வேலை? இப்படி மணிக்கணக்கில் வாதாடியவன் நான்.

பிறகு ஒரு வேலை கிடைத்தது. ஒப்பந்தம் 14 பக்கம். 11ஆம் பக்கத்தில், வேலையை விட்டால் 2 வருடத்துக்கு இதே துறையில் எங்கும் சேரக் கூடாது என்று ஒரு வரி. படிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வரியை எடுக்க முடியுமா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதேதான்" என்றார்கள். வேறு வேலை கையில் இல்லை. போட்டுவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து வேறு இடத்துக்கு மாறினேன். வக்கீல் நோட்டீஸ் வந்தது. எனக்குத் தெரிந்ததே அந்த ஒரு தொழில்தான். நான் போய்ப் பார்த்த வக்கீல் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, "இது சட்டப்படி செல்லாது, போய் வேலையைப் பாருங்க" என்றார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. நானே போட்ட கையெழுத்திலிருந்து என்னைக் காப்பாற்றியது, எது தலையிடக் கூடாது என்று கத்தினேனோ அந்தச் சட்டம்தான்.

தன்னையே அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டா? 1859இல் ஆங்கிலேயத் தத்துவவாதி மில் இல்லை என்றார். 1974இல் நோசிக் உண்டு என்றார். முன்பு நோசிக் பக்கம் நின்றேன். இப்போது முடியவில்லை.

உடனே "நீ சோஷலிஸ்ட் ஆகிவிட்டாய்" என்று வராதீர்கள். அமெரிக்காவில் 1973இல் கட்டாய ராணுவச் சேர்ப்பு நின்றதில் லிபர்டேரியன் பொருளாதார அறிஞர் ஃப்ரீட்மன் போன்றவர்களின் வாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனை இளைஞர்களின் உயிர் அது! அரசைச் சந்தேகிக்க ஆள் என்றும் வேண்டும். ஆனால் முழு ஆட்சியாக? அந்நாட்டு லிபர்டேரியன் கட்சி 1971இல் தொடங்கியது. அதிபர் தேர்தலில் அதன் உச்சம் 2016இல் வாங்கிய சுமார் 3 சதவீதம். 2023இல் அர்ஜென்டினாவில் தன்னை லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்ளும் மிலெய் அதிபர் தேர்தலில் ஜெயித்தது, பணவீக்கம் 100 சதவீதத்தைத் தாண்டி மக்கள் நொந்துபோயிருந்த நேரத்தில்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். அதே ஒப்பந்தத்தின் 12ஆம் பக்கத்தில், விலகிய 30 நாளில் அனுபவச் சான்றிதழ் தருவதாக எழுதியிருந்தார்கள். எனக்கு நோட்டீஸ் அனுப்பத் தெரிந்தவர்கள், அதைத் தர 5 மாதம் இழுத்தடித்தார்கள்.