பி.இ. 6 என்றால் மலிவா?

அன்புள்ள சார்,

ஓய்வுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னத் தனியார் வங்கியின் பங்கை வாங்கலாமென்று இருக்கிறேன். விலை 120 ரூபாய். போன வருடம் பங்குக்கு 20 ரூபாய் லாபம். விலையை லாபத்தால் வகுத்தால் வரும் பி.இ. வெறும் 6. மருமகன் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனிப் பங்கின் பி.இ. 28இல் நிற்கிறது. அதைவிட இது மலிவுதானே? எங்கள் ஊர்க் கிளையிலும் எப்போதும் கூட்டம்தான்.

கே., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள கே.,

வகுத்தது சரி. ஆனால் அந்த 20 ரூபாய் எங்கிருந்து வந்தது? கிளையில் கூட்டம் என்பதை விட்டுவிடுங்கள்; பாதிப் பேர் பாஸ்புக் என்ட்ரி போட வந்தவர்களாக இருப்பார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியையும் விடுங்கள். சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா மாதிரி இன்னொரு வங்கியோடு வைத்துப் பார்த்தால்தான் பி.இ.க்கு அர்த்தம்.

வங்கி லாபத்தில் நிர்வாகத்தின் கை கொஞ்சம் உண்டு. பொதுவாகத் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். அதற்காக லாபத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்க வேண்டும். ரிசர்வ் வங்கி குறைந்தபட்சம் இவ்வளவு என்று சொல்லும். அதற்கு மேல் ஒதுக்குவது நிர்வாகத்தின் இஷ்டம். குறைவாக ஒதுக்கினால் லாபம் கூடும், பி.இ. இறங்கும். எப்போதோ கைகழுவிய கடன் ஒன்று திடீரென்று வசூலானாலும், வட்டி இறங்கி, வங்கி வைத்திருக்கும் கடன்பத்திரங்களின் விலை ஏறினாலும் அந்த வருட லாபம் உப்பிவிடும். உங்கள் 20 ரூபாயில் 7 ரூபாய் அப்படி வந்ததென்று வையுங்கள். மீதி 13. பி.இ. 9ஐத் தாண்டிவிட்டது. ஆண்டறிக்கையில் ‘இதர வருமானம்’, ‘ஒதுக்கீடுகள்’ இரண்டையும் நாலைந்து வருடத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வங்கிக்கு நான் பி.இ.யைவிடப் புத்தக மதிப்பைத்தான், அதாவது சொத்தில் கடன்பாடுகளைக் கழித்து மீதியைப் பங்குகளால் வகுத்ததைத்தான், முதலில் பார்ப்பேன். பங்குக்கு 150 ரூபாய் என்று போட்டிருந்தால், 120க்குக் கிடைப்பது லாபம் போலத் தோன்றும். நிகர வாராக்கடனை, அதாவது ஒதுக்கீடு போக மிச்சமிருக்கும் வாராக்கடனை, மொத்தப் பங்குகளால் வகுத்துப் பாருங்கள். 40 ரூபாய் வருகிறதா? அதில் ஒரு காசுகூடத் திரும்பாது என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 110தான். நீங்கள் கொடுப்பது 120.

அப்புறம், சின்ன வங்கியின் கடன்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் இருக்கும். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் அடித்துப் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கன்று நட்டுக் காய்ப்பதற்குள் எத்தனை தவணை நிற்கும்! நாடு முழுக்கக் கடன் கொடுத்த பெரிய வங்கிக்கு அது உறைக்காது. இந்த வட்டாரத்தையே நம்பியிருக்கும் வங்கி ஆடிப்போகும். இயற்கைச் சீற்றத்துக்குப் பிறகு தவணையை நீட்டி மறுசீரமைத்த கடனை உடனே வாராக்கடனாகக் காட்ட வேண்டியதில்லை என்பதால், அறிக்கையில் அது தெரியக் கொஞ்ச காலம் பிடிக்கும். போன வருட லாபத்தை வைத்துப் போட்ட பி.இ.யில் இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஓய்வுப் பணம் என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கியை டிபிஎஸ் வங்கியோடு இணைத்தபோது டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, பங்குக்கு எதுவும் கிடையாது.

ஆண்டறிக்கை அந்த வங்கியின் இணையதளத்திலேயே கிடைக்கும். நிகர வாராக்கடன் எவ்வளவு, 20 ரூபாயில் ஒருமுறை வந்தது எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை வாங்க வேண்டாம்.