சட்டத்தில் மீட்டர், வகுப்பில் அங்குலம்

கேள்வி: அமெரிக்கர்கள் மைல், பவுண்டு, ஃபாரன்ஹீட் என்றே பழகியவர்கள். அங்குள்ள பள்ளிகளும் ஊடகங்களும் மெட்ரிக் முறையைப் பொருட்படுத்தாததால் யாருக்கு என்ன நஷ்டம்?

பதில்: அமெரிக்கச் சட்டம் மெட்ரிக் அளவைகளை 1866-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, 1893 முதல் அந்நாட்டின் கஜமும் பவுண்டும்கூட மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படுகின்றன. ஆனால் 1975-இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட மெட்ரிக் மாற்றச் சட்டம் எல்லாவற்றையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டது; அதற்கென அமைத்த வாரியத்தையும் ரேகன் அரசு 1982-இல் இழுத்து மூடியது.

பள்ளியில் மெட்ரிக் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பல மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத்தரத்தின்படி ஐந்தாம் வகுப்பு மாணவர் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றக் கற்கிறார். ஒரே அளவை முறைக்குள் மாற்றுவதுதான் அங்கே பாடம் என்பதால், தசமப் புள்ளியை நகர்த்தியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. தன் உயரம் எத்தனை சென்டிமீட்டர், பள்ளி எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்ற உணர்வு மட்டும் வருவதில்லை. வெளியே சாலைப் பலகை முதல் வானிலை அறிவிப்புவரை எதிலும் அவர் கற்ற அளவைக்கு வேலையில்லை.

ஊடகங்கள் செய்வது இதைவிட மோசம். விண்வெளியின் எல்லையாகப் பலரும் கொள்ளும் 100 கிலோமீட்டர், அமெரிக்கச் செய்திகளில் 62 மைல் ஆகிவிடுகிறது. வசதிக்காக வகுத்த முழு எண், யாரோ அளந்து கண்டுபிடித்ததுபோல் தோற்றம் கொள்கிறது. உடல் வெப்பத்துக்கும் இதே கதிதான். ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் சராசரியாகக் குறித்தது 37 டிகிரி செல்சியஸ். அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதில் வந்த 98.6-இன் தசமம் வெறும் வகுத்தல் பெருக்கலின் எச்சம். அதைத்தான் தலைமுறை தலைமுறையாகத் துல்லியம் என்று நம்பிவருகிறார்கள்.

நஷ்டம் என்றதும் எல்லோரும் 1999-இல் அழிந்த செவ்வாய் விண்கலத்தைச் சொல்வார்கள். ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கில் தந்ததை மறு தரப்பு மெட்ரிக் முறையின் விசை அலகான நியூட்டன் கணக்காகக் கொண்டதால் நேர்ந்தது அது. நான் அதைவிடக் குழந்தைகளின் மருந்துப் புட்டியைத்தான் சொல்வேன். தேக்கரண்டிக்குப் பதில் மேசைக்கரண்டியில் ஊற்றினால் மருந்து மூன்று மடங்காகிவிடும். அதனால்தான் திரவ மருந்தின் அளவை மில்லிலிட்டரில் மட்டுமே குறிக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2015-இல் வலியுறுத்தியது. அந்த மில்லிலிட்டரைப் பார்த்து மருந்து ஊற்ற வேண்டியவர்களோ, ஐந்தாம் வகுப்புக் கணக்கோடு அதை மறந்துவிட்ட பெற்றோர்.