மீட்புப் பார்ட்டிஷனில்தான் இடம் போதவில்லை

சி டிரைவில் 40 ஜிபி காலியாக இருந்தும், விண்டோஸ் 10-இன் கேபி5034441 புதுப்பிப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் 80070643 என்று முடியும் பிழை எண்ணோடு நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் கோளாறு சி டிரைவில் இராது. 2024 ஜனவரியில் வெளியான அந்தப் புதுப்பிப்பு, கணினி துவங்க மறுக்கும்போது உதவும் மீட்புச் சூழலைத் திருத்துவது. அச்சூழல் இருக்கும் தனிப் பார்ட்டிஷனில், அதாவது வட்டில் தனியே பிரித்து வைத்த பகுதியில், 250 எம்பி காலியிடம் வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வளவு இடம் இருப்பதில்லை. பிழைச் செய்தியோ இடப்பற்றாக்குறையைச் சொல்லாமல், நிறுவல் தோற்றது என்று மட்டும் காட்டுகிறது. பலரை வீணாக அலையவைத்தது இதுதான்.

முதலில் வட்டின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, மீட்புப் பார்ட்டிஷன் சி டிரைவுக்கு அடுத்ததாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையெனில் இம்முறை பொருந்தாது. இருந்தால், முக்கியக் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையால் மீட்புச் சூழலை முடக்கி, பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான டிஸ்க்பார்ட்டில் (diskpart) சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய மீட்புப் பார்ட்டிஷனை நீக்கிப் பெரிதாக மீண்டும் உருவாக்கியபின் சூழலை இயக்க வேண்டும். தவறான பார்ட்டிஷனை நீக்கிவிட்டால் கோப்புகள் போய்விடும் என்பதால், பார்ட்டிஷன் எண்ணை இருமுறை சரிபாருங்கள்.

இப்புதுப்பிப்பு அடைக்கும் ஓட்டை, கணினியைக் கையில் வைத்திருப்பவர் வட்டிலுள்ள தகவலைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கத்தைத் தாண்டிச் செல்ல வழிவிடுவது. நீங்கள் பிட்லாக்கரையே பயன்படுத்தவில்லை என்றால், இதற்காகப் பார்ட்டிஷன்களைத் தொட வேண்டாம் என்றே சொல்வேன்.