பெயரைத் தேடினால் சர்வர் நிற்பது ஏன்?

கேள்வி: எங்கள் பால் சங்கத்துக்காக சி மொழியில் எழுதிய சிறிய வெப் சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. உறுப்பினர் பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ தேடினால் லாகில் "0.000000இ+00" போன்ற எண்கள் விழுகின்றன (லாக்: சர்வர் எழுதிவைக்கும் பதிவேடு). ஆங்கிலத்தில் "ரவி எஸ்" என்று இனிஷியலோடு தேடினால் சில சமயம் சர்வரே நின்றுவிடுகிறது. யூனிகோடு கோளாறா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: யூனிகோடு மேல் தவறில்லை. உங்கள் நிரலில் சிஸ்லாக்(லாக்_இன்ஃபோ, வரி) என்று ஓர் இடம் இருக்கும், பாருங்கள். சிஸ்லாக் என்பது லாகில் எழுதும் ஃபங்ஷன்; "வரி" என்பது தேடிய முகவரி போன்ற, வெளியிலிருந்து வந்த எழுத்து. அந்த இரண்டாவது இடம் ஃபார்மேட் ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எதை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் அச்சுக்கு உரியது. அங்கே வெளியாள் அனுப்பிய எழுத்தை வைத்தால், அதில் உள்ள ஒவ்வொரு % குறியும் கட்டளையாகிவிடும்.

பிரவுசர் தமிழ் எழுத்தை "%இ0%ஏஇ..." என்றும் மலையாளத்தை "%இ0%பி4..." என்றும் மாற்றி அனுப்புகிறது (% குறியை அடுத்து வருபவை ஆங்கில எழுத்துகள்; இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன்). சிஸ்லாக் போன்ற பிரிண்ட்எஃப் குடும்ப ஃபங்ஷன்களுக்கு "%இ" என்றால் தசம எண்ணை அச்சிடு என்று பொருள். யாரும் எண் தராததால், கிடைத்த குப்பையை அச்சிடுகிறது. இடைவெளி "%20" ஆக மாறுவதால், "ரவி எஸ்" என்பதில் "%20எஸ்" உருவாகிறது. 20 இடம் அகலத்தில் ஒரு ஸ்ட்ரிங்கை அச்சிடு என்பது அதன் பொருள். தவறான நினைவக முகவரியைப் படிக்கப் போய் சர்வர் விழுகிறது.

இதைச் சின்னத் தொல்லை என்று விட்டுவிடாதீர்கள். எண்ணைப் பதினாறடிமானத்தில் அச்சிடும் "%எக்ஸ்" வரிசையாக அனுப்பினால் நினைவகத்தில் உள்ளவை லாகில் கசியும். "%என்" இன்னும் மோசம்: அதுவரை அச்சிட்ட எழுத்துகளின் எண்ணிக்கையை ஒரு முகவரியில் எழுதிவிடும். அந்த முகவரியைத் தாக்குபவர் தேர்ந்தெடுக்க முடிந்தால் சர்வர் அவர் கைக்குப் போகும். 2000இல் டபிள்யூயூ-எஃப்டிபிடி 2.6.0 என்ற கோப்புப் பரிமாற்ற சர்வர் இப்படித்தான் ரூட் (முழு நிர்வாகி) அனுமதியைப் பறிகொடுத்தது. 2001 ஜனவரியில் ராமென் என்ற, தானே பரவும் வார்ம் அதே ஓட்டை வழியாகவும் பரவியது. பிஎச்பி 3, 4 இரண்டிலும் 2000இல் பிழை லாக் எழுதும் இடத்திலேயே இந்த ஓட்டை இருந்தது.

திருத்தம் ஒரே வரி: சிஸ்லாக்(லாக்_இன்ஃபோ, "%எஸ்", வரி). எஸ்என்பிரிண்ட்எஃப், எஃப்பிரிண்ட்எஃப் வரிகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

கேள்வி: % குறியை வடிகட்டிவிட்டால் போதாதா?
– வாசகி, நகரி

பதில்: போதாது. வெப் முகவரியை வடிகட்டினாலும் பிரவுசர் கூடவே அனுப்பும் யூசர்-ஏஜென்ட், ரெஃபரர், குக்கி வழியாக % வரும். அதோடு தமிழ், தெலுங்குப் பெயர்களும் சிதைந்துபோகும். அழைக்கும் இடத்தைத் திருத்துவதுதான் வழி.

சோதிக்க, நகல் சர்வரில் மட்டும் "/%25எக்ஸ்.%25எக்ஸ்" என்று (எக்ஸ் இடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்து) அனுப்புங்கள். வெப் முகவரியை அவிழ்த்த ("%25"ஐ "%" ஆக மாற்றிய) பின் லாக் எழுதினால் அது "%எக்ஸ்" ஆகிறது. அவிழ்க்காமல் எழுதினாலும் 25 இட அகலமுள்ள "%எக்ஸ்" ஆகிறது. எப்படியும் லாகில் பதினாறடிமான எண்கள் தெரிந்தால் ஓட்டை உறுதி.

ஜிசிசி கம்பைலரில் "-டபிள்யூஃபார்மேட்=2", "-டபிள்யூஎரர்=ஃபார்மேட்-செக்யூரிட்டி" இரண்டையும் போடுங்கள். நீங்களே எழுதிய லாக் ஃபங்ஷன் இருந்தால் அதற்கு ஃபார்மேட் ஆட்ரிபியூட் (இதுவும் பிரிண்ட்எஃப் போன்றது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) கொடுத்தே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் அதை அழைக்கும் இடங்களைக் கம்பைலர் சோதிக்காது. பலரும் விடுவது இதைத்தான். _ஃபார்டிஃபை_சோர்ஸ்=2 வைத்து, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால், எழுதக்கூடிய நினைவகத்தில் உள்ள ஃபார்மேட்டில் "%என்" வந்ததும் கிளிப்சி (லினக்ஸின் சி நூலகம்) நிரலை நிறுத்திவிடும். ஆனால் "%எக்ஸ்", "%எஸ்" கசிவுகளை அது தடுக்காது.