வாசகர் கேள்வி - பதில்: ரோட்டரி இன்ஜினை இறக்கும் முன் ஆறு எண்கள்

கேள்வி: 2008ஆம் ஆண்டில் பதிவான மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கிறேன். 2018இல் வாகன உரிமைச் சான்றிதழை (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமம்) பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்தேன். இன்னும் 30 மாதங்கள் மீதமிருக்கின்றன. காலையில் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, பெட்ரோல் ஊற்றிவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் பத்து விநாடிக்கு மேல் சுற்றிய பிறகே உயிர் பெறுகிறது. ஒரு பட்டறையில் காம்ப்ரஷன் (இன்ஜின் அறைக்குள் சேரும் அழுத்தம்) பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்கள். இன்னொரு பட்டறை, இன்ஜினை இறக்கிப் புதுப்பிக்க 4,800 வெள்ளி கேட்கிறது. மூன்றாவது பட்டறை 9,000 வெள்ளி என்று சொல்லி, அதற்கு மேலும் போகலாம் என்கிறது. யாரை நம்புவது?
- ஈசூன் வாசகர்

பதில்: மூவருமே தாங்கள் கண்டதைத்தான் சொல்லியிருக்கலாம்; அதுதான் இந்த இன்ஜினின் சங்கடம். முதலில் நோய்க்குறியைப் பார்ப்போம். குளிர்ந்த இன்ஜினில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த சீல்களின் (ரோட்டரைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்கும் பட்டைகளின்) இடைவெளியை அது ஓரளவு அடைத்துவிடும். சூடேறியதும் அதே எண்ணெய் நீர்த்துப்போய், காற்று கசிந்து, எரிவதற்குத் தேவையான அழுத்தம் சேராமல் போகும். காலையில் கிளம்பி, சூட்டில் அடம்பிடிக்கும் ரோட்டரி வண்டியைக் கண்டால் பழக்கமுள்ள மெக்கானிக் முதலில் காம்ப்ரஷனைத்தான் சந்தேகிப்பார்.

அப்படியானால் முதல் பட்டறை நல்ல எண்ணைக் கண்டது எப்படி? பிஸ்டன் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஓர் அறை. ரோட்டரியில், முக்கோண ரோட்டரின் மூன்று முகங்களும் மூன்று தனி அறைகளாக ஒரே பிளக் துளையைக் கடந்து செல்கின்றன. சாதாரண அளவுகருவியின் வாயில் இருக்கும் சிறிய வால்வு, வந்தவற்றுள் மிக உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு முகங்கள் ஓய்ந்துபோய் ஒன்று மட்டும் தெம்பாக இருந்தாலும் முள் அந்த ஒன்றையே காட்டும். ஆகவே ரோட்டரிக்கென்று செய்யப்பட்ட கருவியால், இன்ஜின் சூடாக இருக்கும்போது, இரண்டு ரோட்டர்களுக்கும் சேர்த்து ஆறு எண்களை எடுக்கச் சொல்லி, அவற்றைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள். நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்தில் ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா குறித்த இயல்பான அழுத்தம் 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே 150க்கு மேலும், இரு ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேலும் வேறுபாடு இருக்கலாகாது. சுற்றும் வேகத்தைக் குறிக்காமல் கொடுக்கப்படும் எண்ணுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் பேட்டரியோ ஸ்டார்ட்டரோ தளர்ந்திருந்தால் நல்ல இன்ஜினும் தோற்றதாகத் தெரியும். கருவி கிடைக்காவிட்டால், சாதாரண அளவுகருவியின் அந்தச் சிறிய வால்வைக் கழற்றிவிட்டு முள்ளின் துடிப்பைக் கவனிக்கலாம்: மூன்று துடிப்பும் சமமாக வர வேண்டும். மூன்றில் ஒன்று நொண்டினால் செய்தி தெரிந்துவிடும், எண் மட்டும் தெரியாது.

இனி விலைக்கு வருவோம். 4,800க்கும் 9,000க்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் ஹவுசிங்கில், அதாவது ரோட்டர் சுழலும் கூட்டில் இருக்கிறது. உங்கள் இன்ஜினை ஒரு டிபன் கேரியராக நினைத்துக்கொள்ளுங்கள்: முன், நடு, பின் என மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள், அவற்றுக்கிடையே இரண்டு ரோட்டர் ஹவுசிங்குகள், எல்லாவற்றையும் ஊடுருவி இறுக்கும் நீண்ட போல்ட்டுகள். பிஸ்டன் இன்ஜினில் சிலிண்டர் தேய்ந்தால் அதைக் குடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் போட்டுவிடலாம். இங்கே அந்த வழி கிடையாது. ரோட்டர் ஹவுசிங்கின் உட்புறம் அலுமினியத்தில் பதித்த எஃகுத் தகட்டின்மேல் பூசிய குரோம். அது உரிந்துவிட்டால் புது ஹவுசிங்தான். 1960களில் ஹிரோஷிமாவில் மாஸ்டா பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவின் குழு இந்த வகை இன்ஜினை உருவாக்கியபோது, ரோட்டரின் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல்கள் அதிர்ந்து அந்தப் பரப்பில் வரிவரியாகக் கீறிய தடங்களைச் சாத்தானின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். 1967இல் மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வருவதற்கு முன்பு அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த தலையாய சிக்கல் அதுதான். இரும்புத் தட்டுகளை மெருகேற்றித் திரும்பப் பயன்படுத்தலாம் என்றாலும் அதற்கும் எல்லையுண்டு. உங்கள் வண்டியில் புகைபோக்கித் துளைகளும் இந்தத் தட்டுகளிலேயே இருப்பதால், கரி படிந்து பக்கவாட்டு சீல்களைச் சிக்கவைப்பது இந்த வகைக்கே உரிய தொல்லை.

4,800 என்றவர், ஹவுசிங்குகளும் தட்டுகளும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில், சீல்கள், ஸ்பிரிங்குகள், ரப்பர் வளையங்கள், கூலி ஆகியவற்றை மட்டும் கணக்கிட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். 9,000 என்றவர் சில ஹவுசிங்குகளையாவது மாற்ற நேரும் என்று எண்ணியிருப்பார். திறந்து பார்க்கும்வரை இருவருக்கும் விடை தெரியாது. எனவே மொத்தத் தொகையைப் பேரம் பேசுவதைவிட, ஒரு ரோட்டர் ஹவுசிங் மாற்ற நேர்ந்தால் எவ்வளவு, ஓர் இரும்புத் தட்டு மாற்ற நேர்ந்தால் எவ்வளவு, அவை ஜப்பானிலிருந்து வந்தால் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அந்த விலைக்குள் அடங்குமா என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பிரித்த நாளில் நீங்களே போய்ப் பாருங்கள். குரோம் உரிந்ததா இல்லையா என்பதை விளக்கு வெளிச்சத்தில் யாரும் கண்ணால் காணலாம். அதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

கூலி ஏன் உயர்கிறது என்று பலர் கேட்கிறார்கள். பக்கவாட்டு சீல்கள் ஒவ்வொன்றையும் அதனதன் பள்ளத்துக்கு ஏற்பக் கையால் அராவி, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். ரோட்டருக்கு ஆறு வீதம் பன்னிரண்டு. நடுவே செல்லும் தண்டின் முன்பின் அசைவு 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் அமைய வேண்டும். ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் நட்டு 54 மில்லிமீட்டர், சாதாரணப் பட்டறையின் பெட்டியில் அதற்கான சாவி இராது. அடுக்கும்போது ஒரு ரப்பர் வளையம் பள்ளத்திலிருந்து நழுவினாலும் குளிர்நீர் உள்ளே புகும். அப்போது டிபன் கேரியரை மீண்டும் முதலிலிருந்து பிரிக்க வேண்டியதுதான். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை, ஆனால் "இதுவரை எத்தனை ரோட்டரி இன்ஜினை நீங்களே கட்டியிருக்கிறீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றைச் சேர்க்காவிட்டால் செலவழித்தது வீண். இந்த வண்டியில், பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் தளர்வது சாதாரணம். தளர்ந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதை உருக்கி அடைக்கும். அடைபட்டதும் வெப்பம் இன்ஜினுக்கே திரும்பும். பழைய காயில்களோடும் அடைபட்ட கன்வர்ட்டரோடும் புது இன்ஜினைப் பூட்டினால், முந்தைய இன்ஜினைக் கொன்றதே இதையும் கொல்லும். ரேடியேட்டரும் குளிர்நீர்ப் புட்டியும் பழையவையாக இருந்தால் அவற்றையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, கையிலிருக்கும் 30 மாதங்கள். 9,000 வெள்ளியை அவற்றுக்குப் பகிர்ந்தால் மாதம் 300. 4,800 வெள்ளியில் கட்டிய இன்ஜின் முப்பது மாதமும் ஓடினால் மாதம் 160தான். தேய்ந்த ஹவுசிங்கில் புது சீல் போட்டதால் பத்தே மாதத்தில் ஓய்ந்தால் மாதம் 480. மறுபக்கம், இப்போதே பதிவை நீக்கினால், புதுப்பித்தபோது செலுத்திய தொகையில் மீதமுள்ள காலத்துக்குரிய பங்கு திரும்பக் கிடைக்கும். பத்தாண்டு கடந்த வண்டிக்கான சாலை வரி மிகைக் கட்டணம் உங்களுக்கு ஏற்கெனவே உச்சமான 50 விழுக்காட்டில் நிற்கிறது, ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. சொல்லப்போனால், ஜப்பானில் ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டே வரி விதிக்கிறார்கள். இதன் பெட்ரோல் தாகமும் 1,308 சிசிக்கு அல்ல, அந்த ஒன்றரை மடங்குக்கே பொருந்தும்.

என் கருத்து இது: ஆறு எண்களும் 680ஐ ஒட்டியே இருந்து, முகங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லையென்றால், புது ஸ்டார்ட்டரும் புது காயில்களும் போட்டு ஓடும்வரை ஓட்டுங்கள். ஒரு முகம் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் ஏபெக்ஸ் சீல் உடைந்திருக்கக்கூடும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் அதன் துண்டு ஹவுசிங்கையும் உழுதுவிடும். 4,800க்கு முடிய வேண்டிய வேலை 9,000க்குப் போவது இப்படித்தான்.

கேள்வி: இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதற்குப் பதில், மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஹாஃப்கட் (உதிரிபாகங்களுக்காகப் பாதியாக வெட்டி விற்கும்) வண்டியிலிருந்து எடுத்த இன்ஜினை வாங்கிப் பூட்டலாம் என்று நண்பர் சொல்கிறார். விலையும் குறைவு. செய்யலாமா?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பிஸ்டன் இன்ஜினென்றால் யோசிக்கலாம் என்பேன். ஆர்எக்ஸ்-8இன் உற்பத்தி 2012இல் நின்றுவிட்டதால், கிடைக்கும் இன்ஜின்களில் மிக இளையதும் பத்தாண்டுகளைக் கடந்தது. உங்கள் இன்ஜினில் காய்ந்துபோன ரப்பர் வளையங்கள் அதிலும் காய்ந்துதான் இருக்கும். விற்பவர் அதை ஸ்டார்ட்டரால் சுற்றி ஆறு எண்களைக் காட்டாவிட்டால், நீங்கள் வாங்குவது இன்னொருவர் கைவிட்ட நோயாளியை. காற்றை உள்ளிழுக்கும் துளைகளைப் பொறுத்து, நான்கு துளை, ஆறு துளை என இரண்டு வகை உண்டு; உங்கள் வண்டியின் கணினிக்குப் பொருந்தாததை வாங்கிவிட்டால் அது தனித் தலைவலி. இன்ஜின் எண் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவில் இருப்பதால், எண் மாறினால் பதிவும் மாற வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்னரே ஆணையத்திடம் நடைமுறையைக் கேட்டுவிடுங்கள். அங்கே வாங்கிப் பூட்டிய பொருளைத் திரும்பி வரும்போது சுங்கத்துறையிடம் அறிவிக்கவும் வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் விலை அப்படியொன்றும் குறைவாக இராது.

கேள்வி: சென்ற மாதம்தான் இன்ஜினைப் புதுப்பித்தேன். கழுவுவதற்காக வண்டியை அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பத்தடி நகர்த்திவிட்டு அணைத்தேன். பிறகு கிளம்பவே இல்லை. பட்டறைக்காரர் என்னைத்தான் குறை சொல்கிறார்.
- பொங்கோல் வாசகர்

பதில்: அவர் சொல்வது சரி. குளிர்ந்த இன்ஜினுக்குள் அதிகமாகத் தெளிக்கப்படும் பெட்ரோல், சூடேறும் முன் அணைத்துவிட்டால் உள்ளேயே தேங்கி, சீல்களின் மேலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். படலம் போனால் காம்ப்ரஷனும் போயிற்று. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றுங்கள். அப்போது பெட்ரோல் வருவது நின்று, உள்ளே தேங்கியது வெளியேறும். பிறகு காலை எடுத்துவிட்டு வழக்கம்போல் கிளப்புங்கள். பேட்டரி களைத்துவிட்டால் அதற்கு முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். பிளக்குகள் நனைந்திருந்தால் கழற்றிக் காயவைக்க வேண்டியிருக்கும்.

நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதால், நின்ற இடத்திலேயே சூடேற்றுவதும் வழியில்லை. பத்தடி நகர்த்த வேண்டியிருந்தால் நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். கிளப்பியே ஆக வேண்டுமென்றால் வெப்பமானி நடுவுக்கு வரும்வரை பேட்டையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சீல்களுக்காகச் சிறிதளவு எண்ணெயை எரிப்பது இந்த இன்ஜினின் இயல்பு. இரண்டு முறை பெட்ரோல் ஊற்றினால் ஒரு முறையாவது எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள்.